காது வைத்த காசு

என் பிரியாவிடைக் கூட்டத்தில் றிஸ்வி ஒரு பேச்சுப் பேசினான். எங்கள் கடையில் எனக்குப் பிறகு காசு பார்க்கப் போகிறவன் அவன்தான். காத்தான்குடிப் பிள்ளை, கை சுத்தம், கண் கூர்மை. வாய்தான் கொஞ்சம் நீளம். "முப்பத்தாறு வருசத்தில யோகன் அண்ணன் ஒரு காசைக்கூடப் பிழையாப் பார்த்ததில்ல" என்று அவன் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். என் கழுத்தில் மாலை, வாய் நிறையக் கேக். மறுத்துச் சொல்ல வழியில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அது பொய். ஒரு காசைப் பிழையாகப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிழையும் இல்லை, ஒரு குமர்ப்பிள்ளையின் வீட்டுக் கூரையை நெருப்பில் போடப் பார்த்த பிழை. அதைச் சொல்லாமல் மாலையைக் கழற்றினால் மாலைக்கு மரியாதை இல்லை. றிஸ்வி, இதை வாசித்துவிட்டு அடுத்த முறை பேச்சைக் குறை.

கடைக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. காசை உள்ளே வைத்து மூடினால் ஒரு நிமிடத்தில் எத்தனை வீதம் பொன், எத்தனை வீதம் செம்பு என்று எழுதிக் காட்டிவிடும். "இனி உங்கட கண்ணும் காதும் என்னத்துக்கு அண்ணன்?" என்று றிஸ்வி கேட்டான். எனக்கு மெஷினோடு ஒரு கோபமும் இல்லை. நல்ல மெஷின், என்னைப்போல அடிக்கடி குடிக்கப் பிளேன்ரீ கேட்பதும் இல்லை. ஆனால் காசு பார்க்கிற வேலையில் பொன் எத்தனை வீதம் என்பது சின்னக் கேள்வி. இது எந்தக் காசு, யாருடைய காசு, ஏன் இன்றைக்கு வெளியே வந்தது என்பதெல்லாம்தான் பெரிய கேள்விகள்.

நான் சேர்ந்தபோது அது மணிக்கூடு திருத்தும் கடை. மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த தெருவில் இருந்தது. முன்னால் மணிக்கூட்டு மேசை, பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் பழங்காசு. முதலாளி லயனல் சேர், நகரத்துப் பறங்கியர். வீட்டில் தாயோடு பழைய போத்துக்கீசப் பாஷை பேசுவார். கடையில் எங்களைவிடத் திறமான மட்டக்களப்புத் தமிழ் பேசுவார், நடுவில் ஒரு 'மேன்' மட்டும் வரும். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் அந்தக் கறுத்த வில்லையோடுதான் அவரைப் பாதி நாள் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவார். ஒருநாள் மீன்முள்ளை அந்த வில்லையால் பார்த்துப் பார்த்து எடுத்ததைக் கண்டு நான் சிரித்து, அன்று முழுக்க ஏச்சு வாங்கினேன்.

கப்பல் வந்த கரை இது. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு நாட்டுப் பொற்காசு வந்து, யாரோ ஒரு தாயின் கழுத்திலோ பெட்டியிலோ தங்கிவிட்டது. கொழும்பிலும் கண்டியிலும் பழம் பொற்காசு சேர்க்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒரு தனி ரகம். ஒரு காசுக்காக ஆறு மாதம் கடிதம் எழுதுவார்கள், கையில் கிடைத்ததும் அரைமணி நேரம் பேசமாட்டார்கள். அவர்களுக்கும் இங்கே பெட்டியைத் திறக்கிற தாய்மாருக்கும் நடுவில் இருந்தது எங்கள் கடை.

முதல் இரண்டு வருடம் எனக்குப் பொன்னே தரவில்லை. செப்புக்காசு, செப்புக்காசு, செப்புக்காசு. பிரித்து, அடுக்கி, பெயர் எழுதி என் விரல் பச்சை பிடித்துப் போனது. "பொன்னைப் பார்த்தா ஆருக்கும் கண் கூசும். செம்பைப் பார்த்துப் பழகினவனுக்குத்தான் கண் நிக்கும் மேன்" என்பார். அவ்வளவுதான் என் படிப்பு.

அவருடைய முறை இப்படி. யாராவது பொற்காசோடு வந்தால் முதலில் காசைப் பார்க்கமாட்டார், வந்தவரைக் கதிரையில் இருத்துவார். பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, துடைத்து, பச்சை வெல்வெட் துணியை விரித்து, "வையுங்க" என்பார். கையால் வாங்கமாட்டார். காசின் முகத்தில் விரல் படக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முதலில் கண், அடுத்தது விளிம்பு, மூன்றாவது நிறை. நாலாவது, மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து அச்செடுப்பது. அதற்கென்று ஒரு தடித்த கொப்பி இருந்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடைக்குள் வந்த ஒவ்வொரு காசின் அச்சும் அதில் ஒட்டப்பட வேண்டும். பக்கத்தில் யார் கொண்டுவந்தது, ஏன், நிறை, சத்தம், குறை, முடிவு எல்லாம் எழுத வேண்டும். கடைசியாகத்தான் சத்தம். பலாப்பலகையில் ஒரு சாண் உயரத்திலிருந்து காசை விட்டுக் கேட்பது. நல்ல காசு பாடும். "சத்தம் சாட்சி மட்டும்தான். சாட்சி சொன்ன உடன தீர்ப்பு எழுதக்கூடாது" என்பார்.

இரண்டு விஷயத்தில் அவர் அசையமாட்டார். மண்ணுக்குள்ளிருந்து வந்த காசைத் தொடமாட்டார். ஒருமுறை வட்டையில் உழும்போது கிடைத்ததென்று ஒரு வயல்காரர் சேற்றோடு ஒரு சிறு கலயத்தைக் கொண்டுவந்தார். "மண்ணுக்குள்ளால வந்தது அரசாங்கத்துக்கு, பெட்டிக்குள்ளால வந்தது வீட்டுக்கு" என்று சொல்லி, என்னையும் அவரோடு கூட்டி நேரே அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது, பெட்டிக்குள்ளிருந்து வந்தாலும் ஆம்பிளை கொண்டுவந்தால் வாங்கமாட்டார். எங்கள் பகுதியில் வீடும் பொன்னும் பெண்வழியில் போகிறவை. தாய் மகளுக்குக் கொடுக்கிறாள், மாப்பிள்ளை வந்து சேர்கிறான். "வீட்டுக்காரிட கையால வரட்டும்" என்று எத்தனை கணவன்மாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! அதில் ஒருவர் வெளியே நின்று கெட்ட வார்த்தையால் திட்டினார். சேர் உள்ளே மணிக்கூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

நான் தேறிவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. பாசிக்குடாப் பக்கமிருந்து ஒருவர் வெள்ளைக்காரருக்கு விற்கவென்று பிஸ்கட் டின்னில் பன்னிரண்டு 'பழைய' பொற்காசு கொண்டுவந்தபோது, சேர் கைகழுவி வருவதற்குள் நான் டின்னை மூடிக் கையில் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு காசிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். "ஒரு தாய்க்குப் பன்னிரண்டு பிள்ளை பிறக்கும்தான். பன்னிரண்டுக்கும் ஒரே இடத்திலயா விழுந்து தழும்பு வரும்?" என்றேன். அந்த மனிதர் டின்னோடு ஓட்டம். அன்று பிளேன்ரீ சேர் தன் கையால் ஊற்றித் தந்தார்.

எல்லாவற்றிலும் என் காதுதான் கெட்டி. திரைக்கு வெளியே நின்றுகொண்டே, உள்ளே விழுந்த காசு நகலா அசலா என்று சொல்லுவேன். மணிக்கூடு திருத்த வந்தவர்கள்கூட அதை வேடிக்கை பார்ப்பார்கள். 'காதால காசு பார்க்கிறவன்' என்று பெயரும் வந்துவிட்டது. பெயர் வந்த உடனே மனிதனுக்குக் கொம்பு முளைக்கும். எனக்கு இரண்டு முளைத்தன.

அந்த மாதம் சேர் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போயிருந்தார். ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் சாப்பிடப் போகிற நேரம் பரிமளம் அக்கா வந்தார். ஆரையம்பதி, சந்தையில் கருவாடு விற்கிறவர். புருஷன் கடலில் போய் வராமல் போனவர். ஒரு மகன், ஒரு மகள். நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் ஒரு பொற்காசு.

"கம்புக்காசு தம்பி. எங்கட வீட்டில அப்படித்தான் சொல்லுற" என்றார்.

அந்த ரகம் எனக்குத் தெரிந்ததுதான். வெனிஸ் என்ற தூரத்துப் பட்டணத்தில் அடித்த காசு. ஒரு பக்கத்தில் இரண்டு பேர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மறுபக்கம் முட்டை வடிவத்துக்குள் ஒருவர் நிற்பார், சுற்றிவர நட்சத்திரம். நல்ல பொன் என்பதால் அந்தக் காலத்தில் எல்லாக் கரைக்கும் போன காசு. அதைப் பார்த்து, பொன்வேலை செய்கிற எங்கள் பத்தர்மாரும் மாலை கட்டுவதற்கு நிறைய நகல் அடித்தார்கள். பத்து வந்தால் ஒன்பது நகல். இதன் மேல் விளிம்பில், மாலையில் கோப்பதற்கு ஒரு சின்ன வளையமும் ஒட்டியிருந்தது. அதைக் காது என்போம்.

"காது என்ட அம்மா வெச்சது. நான் பெரிய பிள்ளையானப்போ போட்டுவிட்டவ. காசு அவட அம்மாக்கும் முந்தினது" என்றார் அக்கா. பிறகு கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டார்: "மகனுக்குப் புதன்கிழமை பத்து மணிக்கு முதல் பொன்னுருக்கு தம்பி. தாலிக்குப் பொன் நாங்கதானே குடுக்கணும். மகளிட வீடு சுவரோட நிக்கிது, கூரை இல்ல. கூரையில்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? இது விலைபோற காசு எண்டா வித்து வீட்டை முடிப்பன், தாலிக்கு வேற வழி பார்ப்பன். வெறும் பொன்தான் எண்டா இதையே உருக்கக் குடுத்திருவன். நீ சொல்லுறதுதான்."

பொன்னுருக்கு என்பது எங்கள் கலியாணங்களில் தாலிக்கான பொன்னை, நல்ல நேரத்தில், சபைக்கு முன்னால் பத்தர் உருக்குகிற சடங்கு. பெரும்பாலும் ஒரு பொற்காசைத்தான் உருக்குவார்கள். ஆகவே கேள்வி இதற்குமேல் தெளிவாக இருக்க முடியாது.

நான் என்ன செய்தேன்? கைகழுவினேன், துணி விரித்தேன். அதுவரைக்கும் சரி. பிறகு, காது ஒட்டிய காசுக்கு நிறை பார்த்து என்ன பயன், காதின் நிறையும் சேர்ந்துதானே வரும் என்று நிறையை விட்டேன். பசி வேறு. முன்னால் மணிக்கூடு கொண்டுவந்த இரண்டு பேர் திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதால காசு பார்க்கிறவன் அல்லவா! காசைத் தூக்கிப் பலகையில் விட்டேன்.

டொக்.

பாட்டும் இல்லை, முனகலும் இல்லை. திரைக்கு வெளியே நின்றவர்களுக்கே விளங்கியது.

"நகல் அக்கா. பொன் நல்ல பொன்தான். உருக்குங்க" என்றேன்.

அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. "நல்ல பொன் எண்டாச் சரிதான் மனே" என்று எழும்பினார். பழக்கதோஷத்தால் அச்சை மட்டும் எடுத்தேன். கொப்பியில் ஒட்டி, 'சத்தம்: இல்லை. முடிவு: நகல்' என்று அழகான எழுத்தில் எழுதிவிட்டுச் சோறு தின்னப் போனேன். வெட்கமில்லாமல் வயிறு நிறையத் தின்றேன்.

புதன்கிழமை காலை சேர் பஸ்ஸால் இறங்கி நேரே கடைக்கு வந்தார். வந்ததும் கொப்பியைத்தான் எடுப்பார், அது அவருடைய காலைப் பத்திரிகை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டது. வில்லையைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் காசு எங்க மேன்?"

"அது நகல் சேர். சத்தமே இல்ல."

"நகல் அடிக்கிறவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா? இஞ்ச பார், புள்ளிகளை எண்ணு. எழுத்தைப் பார், ஒண்டும் கரையல. காசில கிடக்கிற இந்தப் பேருக்குரிய ஆள் அந்தப் பட்டணத்தில தலைவரா இருந்தது கொஞ்ச மாசம்தான். இவன்ட காசை நான் படத்திலதான் கண்டிருக்கன்." நிமிர்ந்தார். "இதில காது ஒட்டிக் கிடந்ததா?"

"ஓம் சேர்."

எட்டி என் காதைப் பிடித்தார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, கலியாணம் முடித்தவன். "காது ஒட்டின காசு பாடாது மேன்! உன்ட காதை இப்பிடி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பாடு எண்டாப் பாடுவியா நீ? பாடு பாப்பம்!"

நான் பாடவில்லை. அப்போதுதான் அன்றைக்குப் புதன்கிழமை என்பது உறைத்தது. "சேர், அக்கா அதைப் பொன்னுருக்குக்குக் குடுக்கிறா. இண்டைக்குத்தான். பத்து மணிக்கு முதல் நல்ல நேரம்."

சுவரில் பதினைந்து மணிக்கூடு. எல்லாம் ஒன்பதைத் தாண்டியிருந்தன. சேர் ஏசுவதை அந்த இடத்தோடு விட்டார். தன் மேசை லாச்சியைத் திறந்து, தாளில் சுற்றியிருந்த ஒரு பவுண் காசை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். ராசா தலை போட்ட, எங்கும் கிடைக்கிற பவுண். "பொன்னை மறிக்கப் போறவன் வெறுங்கையோட போகக்கூடாது. ஓடு" என்றார்.

சைக்கிளை எடுத்தேன். அந்த மிதி மிதித்ததில் சைக்கிள் உடைந்திருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் சோதனைச் சாவடி, நீண்ட வரிசை. இறங்கி உருட்டிக்கொண்டு நிற்கிறேன், வரிசை அசையவில்லை. என் முறை வந்தபோது சட்டைப் பையைத் தடவிய சிப்பாய் பவுணை எடுத்து வெயிலில் பிடித்தான்.

"மொகத இது?" என்று பாதிச் சிங்களத்தில் கேட்டான்.

"பொன். கலியாணம்."

"ஓங்களுக்கா கல்யாணம்?"

"ஓம்" என்றேன். பொய்க்கு நேரம் குறைவாகத்தான் எடுக்கும். அவன் என் வியர்வையைப் பார்த்து, சைக்கிளைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கெதியாப் போங்க மாப்புள!" என்று வரிசைக்கு வெளியாலேயே விட்டான். அந்தச் சிப்பாய் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

காத்தான்குடிக் கடைத்தெருவில் எத்தனை பேரை இடிக்கப் பார்த்தேன் என்று கணக்கில்லை. "காக்கா, கண்ணு தெரியாதா?" என்று பின்னால் சத்தம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆரையம்பதியில் பத்தர் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. சைக்கிளை அப்படியே விழவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

குத்துவிளக்கு எரிகிறது. மஞ்சளில் பிடித்த பிள்ளையார், அறுகம்புல். பதினைந்து இருபது பேர் பாயில். மாப்பிள்ளை வேட்டி சால்வையோடு இருக்கிறார். காசு தட்டத்தில் சபையைச் சுற்றி வந்து, எல்லார் கையும் பட்டு, மூசைக்குள் போய்விட்டது. பொன்னை உருக்குகிற அந்தச் சின்ன மண்கிண்ணம் பத்தரின் கையில் இருந்தது. சிரட்டைக்கரி சிவந்து கிடக்கிறது. பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்துவிட்டார்.

"நில்லுங்க! உருக்க வேணாம்!"

நல்ல நேரத்தில், சபை நடுவில் இப்படிக் கத்துகிறவனை என்ன செய்வார்கள்? மாப்பிள்ளையின் தாய்மாமன் எழும்பி என் சட்டையைப் பிடித்தார். "வாயில நல்ல சொல்லு வராதாடா உனக்கு? எவன்டா நீ?"

"விடுங்க அண்ணன். அது காசு பார்க்கிற தம்பி" என்றார் பரிமளம் அக்கா. அவர் முகம் வெளுத்துவிட்டது. அபசகுனம் என்று சபையில் முணுமுணுப்பு எழும்பியது.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "அக்கா, நான் பிழையாச் சொல்லிட்டன். அது நகல் இல்ல. அசல். அருமையான காசு. என்ட பிழை, முழுக்க என்ட பிழை." இருபது பேருக்கு முன்னால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த விதத்தை எழுத எனக்குத் தெரியாது. சுட்ட கிழங்கை விழுங்கின மாதிரி இருந்தது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மகளிட வீடு முடியுமா தம்பி?"

"முடியும் அக்கா. ஓடு போட்டு, நிலத்துக்குச் சீமெந்தும் பூசலாம்."

சட்டைப் பையிலிருந்த பவுணை எடுத்து நீட்டினேன். "இதை உருக்குங்க. சேர் குடுத்துவிட்டவர்."

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். வயதான மனிதர், நிதானமாகத்தான் பேசினார். "தம்பி, நீ சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா சபைக்கு வந்து, எல்லாரிட கையும் பட்டு, மூசைக்குள்ள விழுந்த பொன்னைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்ல. எடுத்தா அந்தத் தாலிக்கு ஒரு குறை கிடக்கும். நான் எடுக்கமாட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. கூரையும் தாலியும் ஒரே மூசைக்குள் கிடக்கின்றன, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம் நான் ஒரு மத்தியானம் கெட்டிக்காரத்தனம் காட்டியதால்.

பரிமளம் அக்கா எழும்பி மூசைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். சந்தையில் தராசைப் பார்க்கிறவர் பார்வை அது. பிறகு, "பத்தர் ஐயா, காதை வெட்டுங்க" என்றார்.

"என்ன புள்ள?"

"காது என்ட அம்மா வெச்ச பொன். அவதான் பேரன்ட தாலிக்கு வரணும். அவ மூசைக்குள்ள கிடக்கட்டும், ஒருத்தரும் திருப்பி எடுக்க வேணாம். அதோட தம்பி கொண்டுவந்த பவுணையும் போடுங்க. காசு மகளுக்குப் போகட்டும். அது பொம்பிளையள் வழியா வந்த பொருள், அப்படியே போகட்டும்."

பத்தர் தாய்மாமனைப் பார்த்தார். தாய்மாமன் மாப்பிள்ளையைப் பார்த்தார். "அம்மா சொன்னாச் சரி" என்றார் மாப்பிள்ளை. பத்தர் தாடியைத் தடவினார். "காதும் பொன்தான். சபைக்கு வந்ததுதான். குறை சொல்ல ஏலாது" என்றார்.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம், பழங்காசில் பத்தரின் ஆயுதம் படக்கூடாது என்பது. பட்டால் வடு, வடு பட்டால் விலை குறையும். அந்தச் சட்டத்தை என் கையாலேயே மீறினேன். காசை விளிம்பில் நான் பிடித்துக்கொள்ள, பத்தர் கத்திரியை வைத்தார். சின்னச் சத்தம். காது தெறித்து மூசைக்குள் விழுந்தது.

பிறகு பத்தர் ஒரு வேலை செய்தார். அவரும் தொழில்காரர் அல்லவா, சும்மா விடுவாரா? காசை என் கையிலிருந்து எடுத்து, பட்டடை நிறுத்தியிருந்த மரக்குற்றியில் மெல்ல விட்டார்.

பாடியது. அந்த வீடு முழுக்கக் கேட்டது. மெல்லிய நீண்ட சத்தம், சபையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அது அடங்கும்வரை கேட்டோம். நாற்பது வருடமாக ஒரு காதால் வாய் மூடிக் கிடந்த காசு. "அம்மாடி!" என்றார் பரிமளம் அக்கா. தாய்மாமன் என் சட்டையின் கசங்கலைத் தன் கையாலேயே நீவிவிட்டார்.

நல்ல நேரத்துக்குள்ளேயே பவுணும் காதும் சேர்ந்து உருகின. மஞ்சளாய் உருண்டு நின்ற பொன்னை எனக்கும் காட்டினார்கள். நானும் தொட்டுக் கும்பிட்டேன்.

மத்தியானம் அக்காவும் நானும் கடைக்கு வந்தோம். சேர் கைகழுவி, துணி விரித்து, "வையுங்க" என்றார். நான் வைக்கவில்லை, அக்காதான் வைத்தார். வெட்டுவடுவை வில்லையால் நெடுநேரம் பார்த்தார். "ஆர் வெட்டினது?"

"பத்தர். நான்தான் பிடிச்சன்."

"விலை கொஞ்சம் குறையும்" என்று அக்காவிடம் சொன்னார். அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை. அதற்குப் பிறகும் கூரைக்கும் நிலத்துக்கும் போதுமான விலைக்குத்தான் கொழும்பில் ஒருவர் வாங்கினார். கடைக்கு வழக்கமாக எடுப்பதைச் சேர் எடுத்துக்கொண்டார். அவர் ஞானியும் இல்லை.

அக்கா போனதும் அந்தப் பவுணை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சேர் வில்லையைக் கழற்றினார். "உன்ட பிழைக்கு நீ சபையில வாயால விலை குடுத்திட்டாய். பவுண் என்ட பிழைக்கு. கொம்பு முளைச்சவனைத் தனிய விட்டிட்டுப் போனது நான்தானே மேன்." அதற்குமேல் அதைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

கொப்பியை எடுத்து 'நகல்' என்ற சொல்லை வெட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "கிடக்கட்டும். கீழ எழுது." ஆகவே அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் என் அழகான எழுத்தில் 'நகல்' என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே, கோணல் எழுத்தில், 'குறை: மேல் விளிம்பில் வெட்டு. காது தாலிக்குப் போனது. சத்தம்: நல்லது.' றிஸ்வி, கொப்பி இடதுபக்க அலுமாரியில் இருக்கிறது. மெஷினுக்குப் பக்கத்தில் வை. அந்தப் பக்கத்தை நீ பார்த்தபிறகும் என்னைப் பற்றி மேடையில் பேச ஆசை வந்தால் பேசு.

அதன் பிறகு நான் பிழை விடவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். கூச்சமென்ன? ஒவ்வொரு காசையும் கண், விளிம்பு, நிறை, அச்சு, சத்தம் என்று வரிசை மாறாமல் பார்த்தேன். எவ்வளவு பசித்தாலும் பார்த்தேன்.

பிரியாவிடை முடிந்த அடுத்த வாரம், மாரிமழை தொடங்கிய பிறகு, ஆரையம்பதிக்குப் போனேன். பரிமளம் அக்காவுக்கு இப்போது நடக்கக் கஷ்டம், மகள் வீட்டில்தான் இருக்கிறார். மகளுக்குக் கலியாணமாகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணியும் பயறும் தந்தார்கள். நான் ஓய்வு பெற்றதைச் சொன்னேன். கூட்டத்தில் றிஸ்வி பேசியதையும் சொன்னேன். அக்கா தலையிலடித்துச் சிரித்தார்.

சொல்லி வைத்தாற்போல மழை பிடித்தது. ஓட்டில் மழை விழுந்தால் எப்படி இரையும் என்று தெரியும்தானே, பேச்சே கேட்கவில்லை. அக்கா என் பக்கம் சாய்ந்து, வாயைக் கூட்டிக் கத்தினார்:

"இந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லு பாப்பம் தம்பி, அசலா நகலா?"

"வரிசை மாறக்கூடாது அக்கா" என்றேன். எழும்பி, கூரையின் வளையையும் தீராந்தியையும் ஓடுகளையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தேன். எங்கும் ஒரு ஒழுக்கு இல்லை. பிறகு இருந்து, கண்ணை மூடிக் கேட்டேன்.

"அசல்" என்றேன்.